வானக் காட்சி, மாதம் இரண்டாயிரம்

வாத்துக்காரர் பணக்காரர் ஆனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு. அப்போது அவர் முழங்காலளவு சேற்றில் நின்றுகொண்டு, வரப்பேறி ஓடிய ஒரு வாத்தை அதன் பரம்பரையோடு சேர்த்து வைதுகொண்டிருந்தார். தான் பணக்காரர் ஆன விஷயம் அவருக்குத் தெரியவே பதினெட்டு நாள் ஆயிற்று.

அன்று அவரைத் தேடி வந்தவர் சமவருமான வாரியத்தின் கணக்கெடுப்பாளர். நகரத்துக் குடும்பம் பத்து சம்பாதிக்கிற இடத்தில் கிராமத்துக் குடும்பம் மூன்றுதான் சம்பாதிக்கிறது என்று யாரோ வெளிநாட்டுக்காரர்கள் ஓர் அறிக்கையில் எழுதிவிட்டார்கள். அரசுக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. அந்த இடைவெளியை ஒழிப்பதற்காக உடனே ஒரு வாரியம் அமைத்து, ஏழு மாடிக் கட்டடமும் நானூறு ஊழியர்களும் கொடுத்தார்கள். கட்டடத்தை நகரத்தின் நடுவில் கட்டினார்கள். கிராமத்தில் கட்டினால் ஊழியர்களின் சம்பளம் கிராமக் கணக்கில் கலந்து புள்ளிவிவரத்தைக் கெடுத்துவிடும் என்று அதற்குக் காரணம் சொல்லப்பட்டது.

கணக்கெடுப்பாளர் ஐம்பது வயதைத் தாண்டியவர். குடை, கையேடு, பச்சை நிறப் படிவம் மூன்றையும் சேறு படாமல் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நடந்து வந்ததில் பாதி உயிர் போயிருந்தது. வாத்துக்காரரின் மனைவி அவரைக் கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்து, இரண்டு முட்டை அவித்துக் கொடுத்தாள். அந்த வீட்டில் விரிசல் விழுந்த முட்டையைத்தான் சாப்பிடுவார்கள். அன்று விரிசல் எதுவும் அகப்படாததால் விற்கிற முட்டையிலிருந்து இரண்டை எடுத்தாள்.

இத்தனை உபசாரத்துக்கும் காரணம் அவர்களுடைய மகள். ஆள் மெலிந்தவள், கையில் எப்போதும் வாத்து விரட்டும் குச்சி. அதனால் ஊரே அவளைக் குச்சி என்றுதான் கூப்பிட்டது. நகரத்துச் செவிலியர் பள்ளியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. படிப்புக்குக் கட்டணம் இல்லை; விடுதிக்கு மாதம் ஏழாயிரம். வீட்டின் மொத்த வருமானமே ஆறாயிரம்தான். கிராமத்தில் முகவரி இருந்து, மாத வருமானம் பத்தாயிரத்துக்குக் கீழே இருந்தால் விடுதி இலவசம். அந்தக் கணக்கைச் சரிபார்த்துச் சொல்ல வேண்டியது வாரியம்.

"பத்தாயிரத்துக்குள்ளதான் வரும், கவலைப்படாதீங்க" என்றார் கணக்கெடுப்பாளர், முட்டையை உரித்தபடி. அவர் பொய் சொல்லவில்லை. படிவத்தை அப்போது அவர் இன்னும் பிரிக்கவில்லை.

முட்டை விற்பதில் ஆறாயிரம் என்று எழுதிக்கொண்டார். நூற்றுப் பதினெட்டு வாத்துகளையும் எண்ணப் பார்த்து, அவை நிற்காததால் மூன்று முறை மூன்று எண்ணிக்கை வந்து, கடைசியில் வாத்துக்காரர் சொன்னதையே எழுதினார். வீட்டில் தின்ற முட்டைக்கு அறுநூறு.

"அது விக்காததுங்களே. ஒடஞ்சது" என்றார் வாத்துக்காரர்.

"வாங்கித் தின்னா காசு ஆகும்ல? ஆகாம மிச்சமாச்சுல்ல? மிச்சமாறது வருமானம். கையேட்டுல இருக்கு" என்றார் கணக்கெடுப்பாளர். பிறகு அண்ணாந்து கூரையைப் பார்த்தார். "வீட்டுக்கு வாடகை?"

"சொந்த வீடுங்க. எங்கப்பா கட்டினது."

"இதே மாதிரி முற்றத்தோட, தண்ணிக்கரையில, நகரத்துல பிடிக்கணும்னா ஒன்பதாயிரம் ஆகும்." எழுதிக்கொண்டார். "கூரையில அது என்ன?"

"ஓட்டைங்க. போன காத்துல போனது."

"ராத்திரி நட்சத்திரம் தெரியுமா?"

"படுத்தா நல்லாவே தெரியும். மழைன்னாதான் கஷ்டம்."

"வானக் காட்சி" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "நகரத்துல மேல்மாடிக்காரங்க இதுக்குத் தனியா குடுக்குறாங்க. ரெண்டாயிரம்."

குடிதண்ணீருக்காகத் தாயும் மகளும் தினமும் நான்கு நடை ஊற்றுக்குப் போய் வருவது உடற்பயிற்சிக் கூடத்துக்குக் கட்டும் சந்தாவில் போயிற்று. ஆளுக்கு ஆயிரத்து ஐநூறு. ஊருக்குப் பேருந்து வராதது அமைதிக் கட்டத்தில் ஏறியது. தூய காற்றைத் தலைக்கு இவ்வளவு என்று மூன்று தலைக்கும் கணக்கிட்டார். வாத்து முட்டையிடாத மாதங்களில் இரவுச் சாப்பாடு கிடையாது என்று வாத்துக்காரர் கூச்சத்தோடு சொன்னதும், கணக்கெடுப்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் மரியாதை தெரிந்தது.

"உடம்பு எடை குறைக்கிறதுக்கு எங்க ஆபீஸ்ல எத்தனை பேர் வைத்தியருக்குக் கொட்டிக் குடுக்குறாங்க தெரியுமா? ஆயிரத்து எண்ணூறு."

கடைசிக் கேள்வி, குடும்பத்துக்கு ஏதேனும் குறை உண்டா என்பது. உண்மையில் அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கினால் பொழுது சாயும். ஆனால் வீடு தேடி வந்து கை நனைத்த மனிதரிடம் அழுது வடிப்பது அந்த ஊர்ப் பழக்கமில்லை. வாத்துக்காரரின் மனைவி சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"எங்களுக்கு என்னங்க குறைச்சல்? ராஜா மாதிரி இருக்கோம்."

கணக்கெடுப்பாளர் அதை அப்படியே எழுதி, அவளிடம் ரேகை வாங்கிக்கொண்டார். போகும்போது தண்ணீருக்கு அக்கரையிலிருந்த வெள்ளை மாளிகையைக் காட்டி, "அது யாரு வீடு?" என்று கேட்டார்.

"யாரோ பெரிய இடமாம். வருஷத்துல பத்து நாள் வருவாங்க. மிச்ச நாளெல்லாம் காவல்காரன் எங்க வாத்துமேல கல்லெறிவான்" என்றாள் குச்சி.

பதினெட்டாம் நாள் கடிதம் வந்தது. குச்சி வாசலில் நின்று சத்தமாகப் படித்தாள். "மதிப்புக்குரிய குடும்பத் தலைவருக்கு வாழ்த்துகள். தங்கள் மாத வருமானம் இருபத்தொன்பதாயிரத்து நானூறு எனக் கண்டறியப்பட்டுள்ளது. வருமான இடைவெளியை வெற்றிகரமாகக் கடந்துவிட்டீர்கள்." அத்தோடு அவள் குரல் இறங்கிவிட்டது. விடுதிச் சலுகைக்குத் தகுதியில்லை என்ற வரியை அவள் வாய்க்குள்ளேயே படித்தாள்.

அவள் அம்மா மட்டும் கொஞ்ச நேரம் திகைத்துப்போய் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். அவ்வளவும் எங்கே இருக்கிறது என்று தேடுகிறவளைப்போல.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சான்று குடுக்கணும்ப்பா. இல்லேன்னா இடம் போயிடும்" என்றாள் குச்சி. அவளுடைய பை ஒரு வாரமாகவே கட்டித் தயாராக ஆணியில் தொங்கியது.

புதன்கிழமை விடியற்காலை வாத்துக்காரர் இருபது முட்டையை உமி போட்டுக் கூடையில் அடுக்கிக்கொண்டு புறப்பட்டார். மூன்று மணி நேரம் நடை, நான்கு மணி நேரம் பேருந்து. வாரியத்தின் கட்டடத்தில் அவருடைய மனைவியின் அண்ணன் லிஃப்ட் இயக்குபவராக இருந்ததுதான் ஒரே தெம்பு.

மச்சான் பித்தளைப் பொத்தான் வைத்த சட்டையில், லிஃப்ட்டுக்குள் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பதினாறு வருடமாக மேலும் கீழும் போய்வருகிறார். பதவி உயர்வு மட்டும் வந்தபாடில்லை.

"வாங்க மாப்பிள்ளை. தங்கச்சி எப்படி இருக்கா?"

"ராஜா மாதிரி இருக்காளாம். எழுதிக் குடுத்துட்டா" என்று வாத்துக்காரர் கடிதத்தை நீட்டினார்.

மச்சான் படித்துவிட்டு உச்சுக்கொட்டினார். "பச்சைப் படிவமா? அப்ப விளங்கினாப்லதான். மேல்முறையீடு ஏழாவது மாடி. ஆனா மாப்பிள்ளை, நான் உங்களை ஏத்தக்கூடாது. பச்சைக்காரங்க படியிலதான் போகணும்."

"ஏன் மச்சான்?"

"நீங்க நடந்து பழகினவங்களாம். இறங்குறப்ப வாங்க, ஏத்திக்கிறேன். அதுக்குத் தடை இல்லை."

ஏழு மாடி ஏறி, இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, வாத்துக்காரர் மேல்முறையீட்டு அதிகாரியின் முன்னால் போய் நின்றார். கண்ணாடியைத் தலைக்குமேல் ஏற்றிவிட்டுத் தேடிக்கொண்டிருந்த ஓர் அம்மையார். கெட்டவர் இல்லை. கடிதத்தைக் கண்ணருகே பிடித்துப் படித்து உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"நான் என்னப்பா பண்ணட்டும்? பச்சைப் படிவத்துல கூட்டல் மட்டும்தான் இருக்கு. கழித்தல் எல்லாம் நீலத்துல."

"நீலம்னா என்னங்கம்மா?"

"நகரப் படிவம். இங்க சத்தம், புகை, நெரிசல், தூக்கமின்மை, மனக்கவலை, இதெல்லாம் இருக்கில்ல? அதுக்கெல்லாம் சம்பளத்துல கழிவு உண்டு. உங்களுக்கு அந்தக் கஷ்டம் ஏது?"

"எங்களுக்கும் கவலை இருக்கும்மா."

"இருக்கும். கட்டம் இல்லையே."

வாத்துக்காரர் யோசித்தார். "அப்ப எனக்கும் ஒரு நீலத்தைக் குடுத்துடுங்கம்மா."

"ஆறு மாசம் நகரத்துல குடியிருந்தா தாராளமா குடுப்போம்."

"குடியிருந்தா எம் பொண்ணுக்கு விடுதி கிடைச்சுடுமா?"

"அது எப்படி? அது கிராமத்து முகவரிக்காரங்களுக்குத்தானே" என்றார் அம்மையார். கண்ணாடி அகப்பட்டுவிட்டது; அதைப் போட்டுக்கொண்டு அவரை முதல்முறையாகத் தெளிவாகப் பார்த்தார். "மேல படியிலயா வந்தீங்க?"

"ஆமாங்கம்மா. மூச்சு வாங்குது."

"ஏழு மாடி" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் கோப்பில் முந்நூறு சேர்த்தார். நகரத்தைச் சுற்றிப் பார்த்ததற்கு ஓர் ஆயிரத்து முந்நூறு. "இப்ப முப்பத்தோராயிரம் ஆயிடுச்சு. சொன்னா கேளுங்க, இன்னொரு தடவை மேல்முறையீட்டுக்கு வராதீங்க. வர வர ஏறிக்கிட்டே போகும்."

வாத்துக்காரருக்குக் கோபம் வந்தது. ஆனால் அதை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. வரப்பேறிய வாத்தையானால் குச்சியால் தட்டலாம். இங்கே எல்லாரும் அனுதாபத்தோடு தலையாட்டினார்கள். கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். அப்போதுதான் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட இரண்டு பேர் ஓடி வந்து அவர் கையைப் பிடித்தார்கள்.

"பெரியவரே, நீங்க கிராமமா? உண்மையான கிராமமா?"

"ஆமாங்க."

"கடவுளே, காலையிலேருந்து ஒருத்தரைத் தேடுறோம்."

அன்று வாரியத்தின் இடைவெளி ஒழிப்பு நாள் விழா. இரண்டாவது மாடியில் மண்டபம். அவரைத் தள்ளாத குறையாக மேடையில் ஏற்றி, வெல்வெட் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். முட்டைக் கூடையைப் பிடுங்கி, 'கிராமச் செல்வம்' என்ற அட்டையோடு மேசைமேல் வைத்தார்கள். வாத்துக்காரர் தன் முட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். விளக்குச் சூட்டில் அவை கெட்டுவிடும் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வாரியத் தலைவர் பேச எழுந்துவிட்டார்.

"அன்பர்களே" என்றார் தலைவர். வெண்ணெயில் வார்த்தெடுத்ததுபோல் இருந்தார். "இடைவெளி என்பது பையில் இல்லை; பார்வையில் இருக்கிறது. நான் பொறுப்பேற்றபோது நகரம் பத்து, கிராமம் மூன்று. இன்று நகரம் பத்து, கிராமம் பத்தரை. ஆம், கிராமம் முந்திவிட்டது. இந்தச் சாதனைக்காக எந்தக் கிராமத்தானுக்கும் நாங்கள் ஒரு காசுகூடக் கொடுக்கவில்லை என்பதை இந்த மேடையில் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

கைதட்டல் ஓய்ந்ததும் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஆனால் நகரத்தானின் துயரத்தை யார் எழுதினார்கள்? என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று லட்சம் சம்பளம் என்பார்கள். காலையில் நெரிசலில் ஒரு மணி நேரம் காருக்குள் அடைபட்டு, ஓட்டுநர் இருமுவதைக் கேட்டுக்கொண்டே வருகிறேன். வீட்டில் நீச்சல் குளம் உண்டு. அதில் தனியாக நீந்தும் தனிமையும் உண்டு. எல்லாவற்றையும் நீலப் படிவத்தில் நேர்மையாகக் கழித்துப் பார்த்தேன். மிஞ்சியது ஒன்பதாயிரத்து எண்ணூறு. அன்பர்களே, நான் ஏழை. இதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை."

மண்டபத்தில் சிலர் மூக்கை உறிஞ்சினார்கள்.

"கிராமத்தில் எனக்கும் ஒரு சின்னக் குடில் உண்டு. அந்த முகவரியால் என் மகளுக்குச் செவிலியர் பள்ளி விடுதியில் இலவச இடம் கிடைத்தது. ஒரே ஓர் இடம்தான் மீதமிருந்ததாம். அவள் அங்கே தங்கப் போவதில்லை, வீட்டிலிருந்தே போய்வருவாள். ஆனாலும் மழை நாளில் ஒதுங்க ஓர் ஏழைப் பெண்ணுக்கு ஓர் அறை வேண்டாமா?"

பின்னாலிருந்த திரையில் குடில் தெரிந்தது. வெள்ளை மாளிகை, முன்னால் தண்ணீர். தண்ணீரின் இக்கரையில், ஓரமாக, மங்கலாக ஓர் ஓட்டைக் கூரை. படத்தின் அழகுக்காக அதையும் விட்டுவைத்திருந்தார்கள்.

வாத்துக்காரர் எழுந்து நின்றார். பேசப் போகிறார் என்று நினைத்து யாரோ ஒலிபெருக்கியை அவர் வாயருகே கொண்டுவந்தார்.

"ஐயா" என்றார் அவர். தன் குரல் அவ்வளவு பெரிதாகக் கேட்டதில் அவருக்கே திக்கென்றது. "அந்த ஓட்டைக் கூரை என்னுதுங்க. அதுல வானம் தெரியறதுக்கு மாசம் ரெண்டாயிரம் போட்டிருக்காங்க. காத்துக்கு நாலாயிரத்து ஐநூறு. சத்தமில்லாததுக்கு ரெண்டாயிரத்து ஐநூறு. மொத்தம் ஒன்பதாயிரம் வருதுங்க. விடுதிக்கு ஏழுதான். அதை அங்க கட்டச் சொன்னா வாங்கிக்குவாங்களா? மிச்சத்தை வாரியமே வச்சுக்கட்டும்."

தலைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மண்டபமே சிரித்தது, சிரித்து முடித்து எழுந்து நின்று கை தட்டியது. "வறுமையில் இந்த நகைச்சுவை வருமா? சொல்லுங்கள், வருமா?" என்று தலைவர் கேட்டார். முதல் வரிசையில் ஒருவர் அவசரமாக எதையோ குறித்துக்கொண்டார். ஐந்து கிலோ எடையில் ஒரு கண்ணாடிக் கேடயத்தை வாத்துக்காரரின் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள்.

இறங்கும்போது மச்சான் சொன்னபடியே லிஃப்ட்டில் ஏற்றிக்கொண்டார்.

"அந்த இடம் தலைவர் பொண்ணுக்குப் போனது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மச்சான்?"

"போன வாரம் இதுக்குள்ளதான் பேசிக்கிட்டாங்க. நான் நிக்கிறதையே அவங்க கவனிக்கிறதில்லை. இந்தக் கதவு மாதிரிதான் நானும்." மச்சான் பொத்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சொன்னா மட்டும் என்ன பண்ணியிருப்பீங்க மாப்பிள்ளை? எனக்கும் நீலம்தான். கீழ்த்தளத்துலயே படுத்துக்கிறேன்ல, நெரிசல் இல்லை, கார் இல்லை, கழிக்க ஒண்ணுமே இல்லைன்னுட்டாங்க. தலைவரைவிட நான் கொஞ்சம் வசதியாம்."

திரும்பும் பேருந்தில் நடத்துநர் கேடயத்துக்குச் சுமைக் கட்டணம் கேட்டார். முட்டையாக இருந்தால் இரண்டைக் கொடுத்துச் சமாளித்திருக்கலாம். முட்டைகள் மேடையிலேயே தங்கிவிட்டன.

வீடு சேரும்போது வாத்துகள் பட்டியில் அடைந்திருந்தன. குச்சி ஒற்றையடிப் பாதையிலேயே எதிரே வந்து நின்றாள்.

"என்னப்பா சொன்னாங்க?"

"கை தட்டினாங்கம்மா."

அவள் உள்ளே போய், ஆணியில் தொங்கிய பையை எடுத்து, அதிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் வைத்தாள். அம்மா ஏதோ சொல்ல வந்தாள். வாத்துக்காரர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். மறுநாள் அம்மா கேடயத்தை எடுத்துப்போய் வாத்துக் குஞ்சுக் கூடையின் மூடிமேல் பாரமாக வைத்தாள். கீரியால் தூக்க முடியாத எடை. வாரியத்தால் அந்த வீட்டுக்கு உண்டான பயன் அது ஒன்றுதான்.

ஐந்து மாதம் கழித்து, மறுகணக்கெடுப்புக்காக அதே கணக்கெடுப்பாளர் அதே குடையோடு வந்தார். இந்த முறை முட்டை அவிக்கப்படவில்லை. வாத்துக்காரரின் மனைவி ஐந்து மாதமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துவைத்திருந்தாள். குறை உண்டா என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டாள். கூரை, ஊற்றில் வற்றிப்போன தண்ணீர், தன் முழங்கால் வலி, கல்லெறிகிற காவல்காரன், முட்டைக்கு விலையடிக்கிற வியாபாரி, ஐந்து மாதமாகப் பேச்சுக் குறைந்துபோன மகள். சொல்லச் சொல்ல அழுகையும் வந்தது. கணக்கெடுப்பாளர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார்.

"இப்ப மனசு லேசா இருக்கா?" என்றார்.

"கொஞ்சம்" என்று அவள் மூக்கைத் துடைத்தாள்.

"மனச்சுமை இறக்குதல்" என்று அவர் எழுதினார். "நகரத்துல ஒரு தடவை உக்காந்து கேக்கவே தொள்ளாயிரம் வாங்குறாங்க."

வாத்துக்காரர் வாயைத் திறந்தார்; எதைச் சொன்னாலும் அதற்கும் ஒரு விலை இருக்கும் என்று தோன்றியது; மூடிக்கொண்டார். கணக்கெடுப்பாளர் பட்டியோரம் நின்ற குச்சியைப் பார்த்தார்.

"பொண்ணு படிக்கப் போகலையா? வீட்டோடதான் இருக்கா?"

"ஆமாங்க" என்றார் வாத்துக்காரர்.

"குடுத்து வச்சவரு நீங்க. எம் பையன் வெளியூர்ல. பார்த்து ரெண்டு வருஷம் ஆச்சு." ஒரு நிமிடம் பேனா நின்றது. பிறகு ஓடியது. "பிள்ளை அருகில் இருக்கும் மகிழ்ச்சி. மூவாயிரம்."

குச்சி அருகில் வந்தாள். "நான் இவங்ககூட சரியா முகம் குடுத்துப் பேசியே அஞ்சு மாசம் ஆகுதுங்க. அதைக் கழிச்சுக்குங்க."

கணக்கெடுப்பாளர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குமே கழிக்க ஆசையாகத்தான் இருந்தது. "பச்சையில அந்தக் கட்டம் இல்லையேம்மா" என்றார்.

அவருக்குத் தொண்டை வறண்டிருந்தது. குச்சி உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தொலைவிலிருந்து அவளே சுமந்துவந்த தண்ணீர். அவர் குடித்து முடிக்கும்வரை நின்று, சொம்பை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"இதையும் எழுதிக்குங்க" என்றாள். "வீட்டுக்கு விருந்தாளி வந்தது."

அவர் கையேட்டைப் புரட்டினார். அதற்கு ஒரு கட்டம் இருந்தது.